அவளுக்கும் சேர்த்துப் பேசியவர்

வயிற்றுவலி அவளுக்கு, டாக்டரிடம் அதை விவரித்தது புருஷன். தமிழ் புழங்காத இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான். பேங்க், பள்ளிக்கூடம், பக்கத்து வீடு, எங்கே போனாலும் ஊர் மொழியில் அவர் பொழிந்து தள்ளுவார். அவள் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். ஆட்டி ஆட்டி அலுத்துப்போய்த்தான் விவாகரத்து கேட்டாள். எனக்கும் வாய் இருக்கு என்பதுதான் அவளுடைய மொத்த வழக்கும்.

அதைச் சொல்லக் குடும்பக் கோர்ட்டுக்கு வந்த இடத்தில் நடந்த கூத்தைப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளருக்குப் பல்வலியாம், வரவில்லை. சமரசம் பேசும் அதிகாரியம்மா வேறு தேதி தேட, புருஷன் சட்டென்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு இன்னொரு நாள் அலையணும்? நானே மொழிபெயர்த்துச் சொல்லிடறேன்" என்று அதிகாரியம்மாவிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் வேலை பார்க்கும் ஹோட்டல் சலவைக்கூடத்தில் கெஞ்சி வாங்கிய லீவு. சரி, ஆனது ஆகட்டும்.

"இத்தனை வருஷமா என்னை ஒரு வார்த்தை பேச விடலை. செருப்பு வாங்கப் போனாக்கூட, எனக்குக் கடிக்குதா இல்லையான்னு இவர்தான் சொல்வார்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அழகாக மொழிபெயர்த்தார்: "கணவருக்கு அக்கறை அதிகம், சில சமயம் அதுவே கொஞ்சம் சங்கடம் என்கிறாள்."

அடப்பாவி மனுஷா! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்கிறவர்கள் சும்மாவா மடிப்பார்கள்? ஊர்வம்பு பேசாமல் ஒரு விரிப்பும் மடியாது. அங்கே அவளும் மொழியைப் பிடித்துவிட்டாள். இவர் எதிரில்தான், இரண்டாவது வார்த்தைக்குள் திருத்த வந்துவிடுவாரே என்று வாயே திறப்பதில்லை.

இன்று திறந்தாள், ஊர் மொழியிலேயே. "இல்லை. இவர் தப்பு சொல்றார். செருப்பு என் கால் கடிக்குது. நான் சொல்லணும்."

இலக்கணம் கந்தல். புருஷன் திருத்தப் போனார். அதிகாரியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குப் புரிகிறது" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பிரிய உங்களுக்குச் சம்மதமா?"

ஊருக்கெல்லாம் பேசியவர் முன்னால் இழுத்த நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கண் கலங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. அவர் அவள் பக்கம் திரும்பித் தமிழில் முணுமுணுத்தார்.

"என்னால முடியலை. நீயே சொல்லிடு."

சம்மதமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்த வேலை முடிந்தது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அது உங்க வாயால வரட்டுங்க," என்றாள். "நான் குறுக்க பேசமாட்டேன்."