பாப்பாத்தி நம்பிய கஷாயம்

முடக்கத்தான் கீரையோடு இஞ்சி, மிளகு, சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் கஷாயம் வரும். முட்டிவலி போகுமா என்பது வேறு கதை. கனகாவுக்குப் போகவில்லை. ஆனாலும் மருமகள் சௌம்யா வீடியோ எடுக்கச் செல்போனை நீட்டி, கன்னடம் கலந்து, "அத்தை, ஸ்வல்ப சிரிங்க" என்றால் சிரிப்பாள், குடிப்பாள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்தும் காட்டுவாள். அதற்கு முன்பே வலி மாத்திரை ஒன்று உள்ளே போயிருக்கும். ஊர் பார்த்தது கஷாயத்தை மட்டும்தான்.

கீரைத் தண்ணீர் குடித்து யார் செத்தார்கள் என்று கனகா தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள். பிறந்த ஊரான கௌதள்ளியில்கூட அந்த வீடியோவைப் பார்க்கிறார்கள் என்று கேட்டபோது பெருமையாக இருந்தது. மானங்கெட்ட பெருமை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை பாப்பாத்தி கௌதள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஹெப்பாளில் இவர்கள் குடியிருக்கும் மாடிவீட்டு வாசலில் நின்றாள். பையை விரலால் பிடிக்க முடியாமல் முழங்கையில் மாட்டியிருந்தாள். கொடுத்த காபியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கிக் குடித்தாள். விரல்கள் வீங்கிக் கோணிக் கிடந்தன. மூட்டுவாதத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையின் புண்ணியத்தில் போன வருஷம் வரை களை வெட்டிக்கொண்டிருந்த கை அது.

"மாத்தர போடறயா இல்லயா புள்ள?"

"உன்ற வீடியோவப் பாத்ததுல இருந்து நிறுத்திப்போட்டேன். ரெண்டு வேளையும் கசாயந்தான். உனக்குக் கேட்டது எனக்கு ஏங்க்கா கேக்க மாட்டேங்குது? வேற என்னமோ சேக்கற நீ. அதச் சொல்லு."

அடுக்களை வாசலில் நின்ற சௌம்யா, சொல்ல வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். காட்டட்டும். கூடப் பிறந்தவளின் கை போய்க்கொண்டிருக்கும்போது எந்த வீடியோ யாருக்கு வேண்டிக்கிடக்கிறது?

"ஒண்ணுஞ் சேக்கல சாமி. எனக்கும் வலி போவல. மாத்தர முழுங்கிப்போட்டுத்தான் நடிச்சேன். இன்னிக்கே டாக்டருகிட்டப் போலாம், நானும் வர்றேன்."

பாப்பாத்தி அக்காவை உற்றுப் பார்த்தாள். அவர்கள் ஊர்ப் பக்கம் நாட்டு மருந்து கொடுப்பவர்கள் சேர்மானத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் பலிக்காதாம். விடாமல் கேட்டால், எனக்கென்ன தெரியும், ஆஸ்பத்திரிக்குப் போ என்று கைவிரிப்பார்கள். அக்காவும் அந்தப் பாட்டையே பாடுகிறாள் என்று அவளுக்குப் பட்டது.

"எங்கிட்டயுமா மறைக்கறே?"

கனகா மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். அது ஆருதோ என்றாள் பாப்பாத்தி. கனகா ஊர்ச்சாமி மாதேஸ்வரன்மேல் ஆணையிட்டாள்.

"சாமிய வேற எதுக்கு இழுக்கற? சொல்ல மனசில்லீன்னா உடு."

சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.

கனகா பதறி எழுந்தாள். அன்றைக்கு அவள் மாத்திரை போட்டிருக்கவில்லை. சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். வலியிலும் பயத்திலும் அழுகை வந்துவிட்டது.

"பாப்பாத்தி, நில்லு புள்ள. உன்ற கையி போயிருமடி."

தெருவில் பாப்பாத்தி திரும்பி நின்றாள். அக்கா நொண்டி நொண்டிக் கடைசிப் படிக்கு வரும்வரை பொறுமையாகப் பார்த்தாள்.

"போதுங்க்கா," என்றாள். "எம்முன்னால எதுக்கு இந்த வேசம்? நீ கையூணாம எந்திரிக்கறதத்தான் நாந் தெனமும் பாக்கறேனே."