ஏற்றத்தில் மட்டும் கேட்ட சத்தம்

பேத்துப்பாறையிலிருந்து கொடைக்கானல் மார்க்கெட்டுக்கு கேரட் மூட்டை ஏற்றிப்போகத்தான் ஷைமா அந்தப் பழைய ஆம்னியை வாங்கினாள். வாங்கிய மறுவாரமே ஆரம்பித்துவிட்டது. மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல எஞ்சின் கடகடத்தது. பாதி மலையில் நின்றுவிட்டால்? வேறு பங்கில் பெட்ரோல் போட்டுப் பார்த்தாள். பிளக்கை மாற்றினாள். படுத்தாலும் காதுக்குள் அதே சத்தம்.

“ஒனக்கு மட்டுந்தேன் கேக்குது” என்றான் கணவன் சஜ்ஜாத். மெக்கானிக் குமரகுருவும் பட்டறையில் முடுக்கிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானம்மா இருக்கு?” என்றார்.

“சும்மா நிக்கையில கேக்காதுண்ணே. லோடோட ஏறணும். நாளைக்கு வெள்ளனே எங்கூட வாங்க.”

வந்தார். முதல் வளைவில் சத்தமே இல்லை. இன்றைக்குப் பார்த்து ஊமையாகிவிட்டதா? அடுத்த மேட்டில் அழுத்தி மிதித்தாள். கடகடகட.

குமரகுரு நிமிர்ந்து உட்கார்ந்தார். “நிறுத்தும்மா! முன்னாடி கேஸ்ல ஓடுன வண்டியா இது?”

“ஆமாண்ணே. வாங்குனதும் கேஸ் கிட்டைக் கழட்டிட்டோம்.”

“அதான் சங்கதி. கேஸுக்குன்னு, பொறி விழுற டைமிங்கை முன்னால தள்ளி வச்சிருக்காங்க. பெட்ரோலுக்கு அது ஆகாது. பிஸ்டன் ஏறி முடிக்க ரொம்ப முன்னாடியே நெருப்பு பத்தி, அடி விழுது. இப்படியே ஓட்டிருந்தா பிஸ்டன் ஓட்டையாயிருக்கும்.”

ஷைமா சக்கரத்துக்குக் கல் வைத்தாள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. அவர் சீட்டைத் தூக்கி, கீழேயிருந்த எஞ்சினில், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்டிரிபியூட்டரின் நட்டைத் தளர்த்தி, ஒரு நூல் அளவு திருப்பினார்.

ஏறினார்கள். சத்தம் குறைந்தது, போகவில்லை. மறுபடி நிறுத்தித் திருப்பினார். இப்போது சத்தமே இல்லை, ஆனால் வண்டி இழுக்க மறுத்து முனகியது.

“கூடிப்போச்சு” என்று நிறுத்தச் சொல்லி, சற்றே எதிர்ப்பக்கம் திருப்பினார்.

அதன்பின் பெருமாள்மலை வரை ஆம்னி ஒரே சீராக ஏறியது. அவள் நம்பவில்லை. வேண்டுமென்றே மிதித்தாள், கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தாள்.

“நின்னுபோச்சும்மா. பட்டறையில டைமிங் லைட்டு வச்சு ஒருதரம் பாத்துருவோம். ஏன் இன்னும் ஸ்டியரிங்கை இப்படி நெரிக்கிற?”

ஷைமா கையைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

“எனக்குப் பைத்தியம்னே நெனச்சுட்டேண்ணே” என்றாள்.