திவ்யாவின் மாவுக்கட்டு

பாடி மேம்பாலத்து இறக்கத்தில் ஸ்கூட்டியோடு விழுந்து, வலது காலில் மாவுக்கட்டுடன் வந்து சேர்ந்தாள் இளைய மருமகள் திவ்யா. அன்றிலிருந்து கள்ளிக்குப்பத்து வீடே அவளைச் சுற்றித்தான் நடந்தது. மாமியார் சுலோசனா ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தாள். அக்கம்பக்கத்தார் சாத்துக்குடியும் ஆப்பிளுமாக வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மூத்த மருமகள் வரலட்சுமி டீ போட்டாள்.

வரலட்சுமிக்கு வருடக்கணக்காக முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்காது. பல் துலக்க பிரஷ்ஷைப் பிடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். ஆனால் வெளியே வீக்கமில்லை, கோணலில்லை.

“பாக்க நல்லாத்தானே கீறே?” என்பான் கணவன் கோதண்டம். மாமியார் அதற்குச் சோம்பேறித்தனம் என்றே பெயர் வைத்திருந்தாள்.

திவ்யாவின் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் வரலட்சுமிக்கு வயிறு எரிந்தது. எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு பெரிதாக, உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி! தன் இரண்டு கைக்கும் அப்படிப் போட்டுவிட்டால் என்ன என்று நினைத்தாள். நினைத்ததும் கூசிப்போனாள். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

ஒருநாள் காலை அவள் கையிலிருந்து மாவுக் குண்டான் நழுவியது. தரையெல்லாம் இட்லி மாவு.

“கையில இன்னா, எண்ணெய தடவிக்கினு கீறியா?” என்று கத்தினாள் சுலோசனா.

“கத்தாதீங்க அத்தே,” என்றாள் கூடத்துக் கட்டிலில் கிடந்த திவ்யா. “படுத்துகினே நான் எல்லாத்தையும் பாத்துகினுதான் இருக்கேன். அக்கா டம்ளரக்கூட ரெண்டு கையாலதான் தூக்குது.” கூடத்தில் இருந்த கோதண்டத்தின் பக்கம் திரும்பினாள். “மாமா, அதுக்கு நெசமாவே வலிக்குது.”

கோதண்டம் சமையற்கட்டுக்கு வந்து மனைவியின் விரல்களைப் பிடித்துப் பார்த்தான். “இவ்ளோ வலியா? வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?”

சொல்லக் கூடாதாமே! இத்தனை வருடம் அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. திவ்யா ஒருதரம் சொன்னதும் ஓடி வந்துவிட்டான். நன்றி சொல்ல வேண்டியவள்மேல் பொறாமை இன்னும் கொழுந்துவிட்டது.

“அவ சொன்னாத்தான் எனக்கு வலிக்குமா?” என்று கையை உருவிக்கொண்டாள்.

அவன் குந்தி உட்கார்ந்து, துணியால் மாவை வழிக்க ஆரம்பித்தான். பாதியை வழித்தான், பாதியைத் தரையிலேயே ஈஷினான். அவள் கூடத்துக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“உம்மேல எனக்குப் பொறாமைடி.”

“தெரியும்க்கா,” என்றாள் திவ்யா. “அதுதான் நல்லா வெளிய தெரியுதே.”

வரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. மாமியார் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை.