தூங்குகிற ஆளைக் கொல்லக் கூடாது

அதாவுல்லா கவலைப்படுவதற்கென்றே பிறந்த மனிதர். ஓசூரில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் உருப்படியைத் தள்ளிவைப்பது அவருக்கு வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். குழம்பு கொதித்தால் அடிபிடிக்குமோ என்பார், கொதிக்கவில்லை என்றால் கேஸ் தீர்ந்துவிட்டதோ என்பார். அவர் மனைவி அஸ்மத் இதற்கெல்லாம் காது கொடுப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. ஆனால் அந்த வாரம் மனிதர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கம்பெனியில் ஆள்குறைப்பு என்று ஏதாவது சொன்னார்களா என்று அவளே கேட்டாள். இல்லை, செவந்தி செத்துப்போய்விட்டாள் என்றார். அஸ்மத் பதறி, யார் வீட்டுப் பெண் என்றாள். ஆட்டத்தில் வருகிற செவந்தி என்று அவர் விளக்கியதும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெங்களூரிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோன ஓர் இன்ஜினியர் அதை ஓசூருக்குக் கொண்டுவந்தார். மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் கதைக்குள் ஓர் ஆள் உண்டு. 'எதிரே கோட்டை, கதவு பாதி திறந்திருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று நடத்துகிறவர் கேட்பார். தன் ஆள் என்ன செய்கிறான் என்பதை அவரவர் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம். பிழைத்துக் கிடந்த ஆள் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் பலத்தோடு வருவான். இன்ஜினியர் வேலை மாறிப் போனார், ஆட்டம் தங்கிவிட்டது. வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்த பனிமலைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நம் பாறைக் குன்றுகளையும் பழைய பாராமகால் சீமையின் கோட்டைகளையும் கதைக்குள் வைத்துக்கொண்டார்கள். கதை நடத்துகிற பொறுப்பு அதாவுல்லாவிடம் வந்தது. மனமகிழ் மன்றத்தில் பக்கத்து மேசையில் கேரம் ஆடுகிறவர்கள், மீசை நரைத்தவர்கள் கூட்டாஞ்சோறு ஆக்குகிறார்கள் என்று கேலி பேசினார்கள்.

பேசட்டும். கிருஷ்ணகிரியிலும் பர்கூரிலும் பெங்களூரிலும்கூட மேசைகள் முளைத்தன. நான்கு ஊரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொண்டன. ஓர் ஊர் ஆள் இன்னோர் ஊர் மேசையில் போய் ஆடலாம். ஓரிடத்தில் செத்தால் எல்லா இடத்திலும் செத்த கணக்குத்தான். சங்கம் என்று வந்துவிட்டால் சட்டம் வராமல் இருக்குமா? வந்தது. பெங்களூரில் ஒருவன் வெளியூர் போயிருந்தபோது, அவன் ஆளை நண்பன் எடுத்து ஆடிக் கொன்றுவிட்டான். இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு போட்ட சட்டம் இது: ஆட்டக்காரர் மேசையில் இல்லாதபோது அவர் ஆள் தூங்குகிறார். தூங்குகிற ஆளை யாரும் எழுப்பவும் கூடாது, கொல்லவும் கூடாது. மீறிய மேசையின் அந்த வருடத்து ஆட்டம் முழுவதும் செல்லாது. கையைத் தூக்கி இதை ஆதரித்தவர்களில் அதாவுல்லாவும் ஒருவர்.

ஆனால் ஓசூர் மேசைக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. அது பட்டறையிலிருந்து வந்த பழக்கம். ஓடுகிற மிஷினை விட்டுவிட்டு யாரும் போகக் கூடாது. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து, என்ன ஓடுகிறது, எங்கே சூடேறுகிறது என்று கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் முதல் ஆள் கையை எடுக்கலாம். மேசையிலும் அப்படியேதான். இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவன் தன் ஆளைப் பக்கத்தில் இருப்பவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போவான். வாங்கிக்கொள்கிறவனுக்கு ரிலீவர் என்று பெயர். சட்டம் போட்டபோது இது யாருக்கும் உறைக்கவில்லை. கை மாறின மிஷின் நின்றுபோன மிஷின் ஆகாது என்றுதான் எல்லோருடைய நினைப்பும்.

ஷிஃப்ட் மாறுவதால் மற்றவர்களுக்கு ரிலீவர் என்றைக்கோ ஒரு நாள்தான் தேவைப்படும். முனிலட்சுமிக்கு எல்லா ஞாயிறும் தேவை. வயர் பற்றவைக்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிற பெண் அவள். மேசையில் இருந்த ஒரே பெண்ணும் அவள்தான். அவள் ஊர் அஞ்செட்டிப் பக்கம். நாலரை பஸ்ஸை விட்டால் அப்புறம் காட்டுவழியில் பஸ் கிடையாது. ஆட்டமோ ஆறு மணிக்கு முன்னால் முடிந்ததே இல்லை. அவளுடைய ஆள்தான் செவந்தி. வில்லும் கையுமாக, நான்கு ஊர் மேசையிலும் பேர் வாங்கியவள். கிருஷ்ணகிரியில் நடக்கப்போகும் வருடாந்திரக் கூட்டத்தில் செவந்தியை ஒரு கோட்டைக்குத் தலைவியாக்குவது என்று பேச்சு. முனிலட்சுமி அதற்காக மூன்று வருடமாக ஆடிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு, அவள் கிளம்பும்போது கௌஸ் பாஷா ரிலீவராக உட்கார்ந்தான். அஸ்மத்தின் தம்பி, கை சுறுசுறுப்பு, வாய் அதைவிட. "காலு காயமா இருக்குது, ஓட வெக்காதீங்க" என்று சொல்லி செவந்தியை ஒப்படைத்துவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் கதையில் எதிரிப்படை வந்துவிட்டது. மற்றவர்களெல்லாம் ஓடினார்கள். கௌஸ் பாஷா அவள் சொன்ன சொல்லைத் தட்டாதவனாக செவந்தியை ஓடவிடாமல் கோட்டை வாசலில் நிறுத்தினான். பகடை உருண்டது. ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் ஆள் செத்த கணக்கு. அதாவுல்லா அந்த ஒன்றைப் பிசகு தேடுகிற கண்ணால் வெகுநேரம் பார்த்தார். ஒன்று ஒன்றாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. செவந்தி செத்தாளா, தூங்கிக்கொண்டிருந்தாளா? கை மாறினால் இருக்கிற கணக்கா, இல்லாத கணக்கா? மறுநாள் எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்று கிருஷ்ணகிரிக்குப் பேசினார். சங்கத்துச் செயலாளர் ராமப்பன் அங்கே மாங்கூழ் தொழிற்சாலையில் மேனேஜர். சட்டம் என்றால் கறார். அதாவுல்லா பொதுவாக ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்து ரிலீவர் விஷயத்தைச் சுற்றிவளைத்துக் கேட்டார். ராமப்பனுக்கு யோசனையே தேவைப்படவில்லை. ஆட்டக்காரர் எழுந்து போனால் ஆள் தூங்கிவிட்டார், சாவு செல்லாது, அந்த மேசையின் வருடமும் செல்லாது என்றார். எந்த மேசையில் நடந்தது என்று கேட்டார். சும்மாதான் கேட்டேன் என்று சொல்லி அதாவுல்லா போனை வைத்தார். 

ஆக, உண்மையைச் சொன்னால் செவந்தி பிழைப்பாள், மேசை போய்விடும். ஷிஃப்ட் முடித்த கையோடு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து ஆடிய மற்ற நாலு பேரின் ஒரு வருட ஆட்டமும் குப்பைக்குப் போகும். சொல்லாவிட்டால் மேசை பிழைக்கும், செவந்தி போய்விடுவாள், அதுவும் முனிலட்சுமி இல்லாத நேரத்தில். கௌஸ் பாஷாவுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. அவள் மேசையில் இருந்ததாகச் சொல்லிவிட்டால் ஆச்சு, பார்த்தவர்கள் நம் ஆட்கள்தானே என்றான். "மச்சான், இதென்ன கொலக் கேசா?" என்று சிரிக்கவும் செய்தான். அதாவுல்லாவுக்கு அவனை ஓங்கி ஒன்று போடலாம் போலிருந்தது. பொய் சொல்லலாம்தான், அந்தப் பொய்யை முனிலட்சுமியும் சேர்ந்து சொல்ல வேண்டுமே. ஆளையும் கொன்றுவிட்டு, வாயையும் மூடிக்கொள் என்று எந்த முகத்தோடு கேட்பது? வாரம் முழுக்க அவர் மிஷின் மிஷினாக நடந்தார், நல்ல உருப்படிகளையும் இரண்டு தடவை அளந்தார்.

ஞாயிறு காலை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் முனிலட்சுமி புதுச்சேலை கட்டி நின்றிருந்தாள். மற்றவர்கள் முன்பே போய்விட்டிருந்தார்கள். பஸ்ஸில் ஏறியதும் அவளே பேசத் தொடங்கினாள். "இன்னிக்கி கிருஷ்ணகிரில சித்தி வூட்ல தங்கிக்கலாம்னு அம்மா சொல்லிடுச்சுண்ணா. கடைசி வரைக்கும் இருப்பேன்." அதாவுல்லா சூளகிரி வரைக்கும் வெளியே வேடிக்கை பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் தாங்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை. எப்படிச் செத்தாள் என்று கேட்டாள். சொன்னார். வாசலில் நின்றபோது தனியாகவா நின்றாள், மற்றவர்கள் தப்பித்தார்களா, கடைசியாக என்ன சொன்னாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, கௌஸ் பாஷா பகடையை உருட்டினான், அவ்வளவுதான் என்றார். சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லி, தான் உண்மையைச் சொல்லிவிடுவதாகவே முடிவு செய்திருப்பதாகவும் சொன்னார். அப்படிச் சொன்னபோது அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. முனிலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு அறையில் கூட்டம். நான்கு மேசைக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். ராமப்பன் எழுந்து, இந்த வருடம் யார் யார் செத்தார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஓசூரின் முறை வந்தது. அதாவுல்லா எழுந்து செவந்தி என்றார். கூடத்தில் ஒரு சலசலப்பு. ராமப்பன் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு அந்த போன் ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஆட்டக்காரர் மேசையில் இருந்தாரா என்று கேட்டார்.

அதாவுல்லா வாயைத் திறந்தார்.  அதற்குள் பெண்கள் பக்கத்து நாற்காலியிலிருந்து முனிலட்சுமி எழுந்துவிட்டாள். "இருந்தேன் சார். நாந்தான் உருட்டினேன்."

கௌஸ் பாஷா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராமப்பன் அவளை விட்டுவிட்டு அதாவுல்லாவிடமே திரும்பினார். "சரிதானாப்பா?" என்றார். பத்து வருடமாகப் பிசகான ஓர் உருப்படிக்கும் முத்திரை குத்தாத மனிதர் முனிலட்சுமியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. ஆமாங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

செத்த ஆளின் கதையை அந்த ஆட்டக்காரரே எழுந்து எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். முனிலட்சுமி நடுவில் வந்து நின்று சொன்னாள். காலில் காயம், ஓட முடியாது. ஓட முடிந்திருந்தாலும் ஓடியிருக்க மாட்டாள் என்றாள். நாலு பேரையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு செவந்தி கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டாள், வில் நாண் அறுந்ததும் வில்லாலேயே அடித்தாள், கடைசியில் நான் இங்கேதான் இருக்கிறேன் என்று கத்தினாள் என்று சொன்னாள். அதில் பாதி ஓசூர் மேசையில் நடக்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த பர்கூர்ப் பையன்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராமப்பன் சாவைப் பதிந்துகொண்டார், ஓசூர் மேசை தப்பித்தது.

சாப்பாட்டு நேரத்தில் அதாவுல்லா அவளைத் தேடிக்கொண்டு போனார். மண்டபத்து வாசலில் நின்றிருந்தாள். மேசைக்காகத் தியாகம் செய்துவிட்டாள் என்று நினைத்து நன்றி சொல்ல ஆரம்பித்தார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"உங்க மேசைக்காவ இல்லண்ணா. மூணு வருசமா ஒரு ஆட்டத்தோட முடிவ நான் பாத்ததில்ல. செவந்தி மலையப் புடிச்சா, கோட்டையப் புடிச்சான்னு எல்லாரும் சொல்றீங்க. அப்பல்லாம் நான் பஸ்ல போய்க்கினு இருந்தேன். அவ பொழச்சி வந்தாலும் அடுத்த வாரம் நாலு மணிக்கு யாரு கைலயாவது குடுத்துட்டுத்தான் போவணும். சாவாவது என்னுதா இருக்கட்டும்னு எடுத்துக்கினேன்."

அவள் உள்ளே சாப்பிடப் போய்விட்டாள். அதாவுல்லா அங்கேயே நின்றார். வாரம் முழுக்க அவர் பயந்தது ஒரு பகடைக்கு, ஒரு சட்டத்துக்கு, ராமப்பனுடைய ஒரு கேள்விக்கு. இப்போது வந்தது பயமில்லை, வெட்கம். ரிலீவர் பழக்கத்தைப் பற்றி எத்தனை பெருமையாகப் பேசியிருக்கிறார். மூன்று வருடத்தில் ஒரு ஞாயிறுகூட, ஆட்டத்தை நாலு மணிக்கு முடித்துக்கொண்டால் என்ன என்று அந்த மேசையில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.