இன்ஜின்காரர் வீட்டில் சோலார்

பெரிய ரோடு வரைக்கும் வந்த மின்கம்பம் அதற்குமேல் உள்ளே வரவே இல்லை. அதனால் கடைத்தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் பொழுது சாய்ந்தபின் விளக்கெரிந்தால் அது இன்ஜின்காரர் தயவு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தெருக்கோடியில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் டீசல் இன்ஜின். சாயங்காலம் அவர் கைப்பிடியைச் சுழற்றினால் வீடு வீடாகப் பல்பு மினுக்கும். சாப்பிட்டுப் படுக்கிற நேரத்துக்கு அணைத்துவிடுவார். வாரக் கட்டணத்தை வாசல் வாசலாகப் போய் வாங்கி வருவது அவர் மனைவி. யார் கேட்டதும் எடுத்துக் கொடுப்பார்கள், யார் நாளைக்கு என்று இழுப்பார்கள், யார் வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி.

அதனால்தான் சோலார் கம்பெனிக்காரர்கள் ஏஜென்ட் தேடி வந்தபோது நேராக அவளிடம் வந்தார்கள். கூரைமேல் ஒரு பலகை, வீட்டுக்குள் ஒரு பேட்டரிப் பெட்டி, மூன்று பல்பு, போன் சார்ஜ் செய்ய ஒரு பாயிண்ட். முதலில் கொஞ்சம் கட்டினால் போதும், மீதியை வாராவாரம் போன் வழியாகத் தவணையாகக் கட்டலாம். கட்டாவிட்டால் பெட்டி தானாகவே பூட்டிக்கொள்ளும். கட்டி முடித்தால் சாமான் வீட்டுக்காரருக்கே சொந்தம். விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் அவளுக்குக் கமிஷன், தவணை தவறினவர்களிடம் போய்க் கேட்பதும் அவள் பொறுப்பு.

அவள் ஒன்றும் புருஷனுக்குத் தெரியாமல் செய்யவில்லை. சோறு போடும்போது விவரமாகச் சொல்லி, இந்த வேலையை எடுக்கட்டுமா என்று கேட்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அது விளையாட்டுச் சாமான், மழைத்தூறலுக்கே படுத்துக்கொள்ளும், ஆசையாக இருந்தால் விற்றுப் பார் என்றார்.

விற்றாள். முதலில் வாங்கியவர் சலூன்காரர். அவருக்கு விடியுமுன் கடை திறக்க வேண்டும், இன்ஜினோ சாயங்காலம் மட்டும். முகத்தில் சோப்பு நுரையோடு அவர் நாற்காலியில் சாய்ந்தவர்கள் எல்லோரும் அந்தப் பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவள் ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எல்லோரிடமும் ஒரே பேச்சுத்தான் பேசினாள்: "இன்ஜினுக்கு ஆயுசு பூரா கட்டினாலும் அது உங்களுது ஆகாது. இது கட்டி முடிச்சா உங்களுது." இத்தனை வருஷம் இன்ஜினுக்குக் கட்டணம் வாங்கிய வாயே சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வார்கள்? யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பேச்சை அப்படியே இன்ஜின்காரர் காதிலும் போட்டுவிட்டான்.

ஒரு வீட்டில் பலகை ஏறினால், மறுநாள் அவர் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டுக் கம்பியைக் கழற்றிச் சுருட்டி எடுத்து வருவார். வீட்டுக்குள் பேச்சு குறைந்தது. அவள் பரிமாறுவாள், அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். அவருடைய கூடப்பிறந்த தங்கை, சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருப்பவள், அவளும் ஒரு பெட்டி வாங்கினபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. அந்தக் கம்பியைக் கழற்ற அவர் போகவே இல்லை. அது பாட்டுக்குச் சுவரில் தொங்கிக் கிடந்தது.

வீடுகள் குறைந்தாலும் இன்ஜின் குடிக்கிற டீசல் பெரிதாகக் குறையவில்லை. ஈடுகட்டுவதற்காகக் கட்டணத்தைக் கூட்டினார். கூட்டியதால் இன்னும் சில வீடுகள் கழன்றுகொண்டன. கடைசியில் ஒரு சாயங்காலம் கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். சண்டை வரும் என்று அவள் மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தாள். அவர் கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கமிஷனில் குடும்பம் குறையில்லாமல் ஓடியது. அவரோ தினமும் கொட்டகைக்குப் போய், ஓடாத இன்ஜினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வந்தார்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. பெய்தது பாதி, பெய்யாமல் மூடிக்கிடந்தது பாதி. பகலிலேயே மனிதர் முகம் மங்கலாகத் தெரிந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அணைந்தன. வானம் மூடாக்குப் போட்டாலும் ரெண்டு நாள் தாங்கும் என்று பயிற்சியில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளும் அதையே ஊருக்குச் சொல்லியிருந்தாள். அதற்குமேல் போனால் என்ன ஆகும் என்று அவள் அவர்களைக் கேட்கவில்லை.

முதலில் வந்து நின்றவள் நாத்தனார்.

"அண்ணி, நீங்க சொல்லித்தானே வாங்கினேன்? மெழுகுவத்தி வெளிச்சத்துல சாமான் நிறுத்துக் கொடுக்கிறேன். தவணை மட்டும் தவறாம போன்ல கேக்குது."

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் குடையோடு நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே இன்ஜின்காரர் மனைவி கம்பெனி மேலாளருக்குப் போன் போட்டாள். வெயில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும், தவணை விஷயத்தில் தன் கையில் ஒன்றுமில்லை என்றார் அவர்.

"இருட்டுல உக்காந்திருக்கிறவங்ககிட்ட நான் போய் காசு கேக்க மாட்டேன் சார்," என்றாள். "வேணும்னா நீங்க வந்து கேளுங்க."

மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையதுதான் என்றாள். சலூன்காரர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். தையற்காரர், தைக்காமல் குவிந்து கிடந்த துணியைக் கையால் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை.

அங்கிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனாள். அவர் கந்தல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நனைந்து நின்றவளைப் பார்த்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"இன்ஜினை ஓட்டுங்க."

"யாருக்கு? கம்பியெல்லாம் சுருட்டி மூலையில போட்டாச்சே."

"கம்பி வேணாம். பெட்டியை இங்க கொண்டு வரச் சொல்றேன். சார்ஜ் ஏத்திக் குடுங்க."

"ஓசிக்கா?"

"ஓசியா உங்ககிட்ட யார் கேட்டா? காசுக்குத்தான்."

அவர் துணியை இன்ஜின்மேல் போட்டார். பிறகு, "இந்தத் தொழில்ல இறங்குறதுக்கு முன்னாடி, என் பொழப்பு என்ன ஆகும்னு நீ யோசிச்சிருக்கலாம்," என்றார்.

"அதுக்குத்தான் உங்ககிட்ட கேட்டேன். நீங்க சிரிச்சீங்க."

அவர் அதை மறுக்கவில்லை. சிரித்தது அவருக்கும் ஞாபகம் இருந்தது.

"சரி, லாட்ஜில கிடக்கிற உங்க கம்பெனி மெக்கானிக்கைக் கூப்பிடு. சும்மா சொருகினா பெட்டி புகைஞ்சிரும்," என்றார்.

புகார் கேட்க வந்து மழையில் மாட்டிக்கொண்டு லாட்ஜில் கிடந்தார் கம்பெனி மெக்கானிக். நடுவில் தகுந்த சார்ஜர் போட்டால் ஏற்றலாம், ஆனால் கம்பெனி இதற்கு உத்தரவு தரவில்லை, தன் பெயர் வெளியே வரக்கூடாது என்றார். பெரிய ரோட்டுக் கடையில் சார்ஜர்கள் வாங்கி வந்து அவரே பொருத்தியும் கொடுத்தார். அன்று மதியம் இன்ஜின் ஓடியது. பெஞ்சுமேல் பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, அவரவர் பெட்டியை அவரவர் காவல் காத்தார்கள். நாத்தனார், கூடப்பிறந்தவளிடமே காசு வாங்குகிறாயே அண்ணா என்று முணுமுணுத்தாள். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலமே அவள் கடையில் பல்பு எரிந்தது.

வானம் தெளிய நாளானது. இருட்டில் போன நாட்களுக்குத் தவணையைத் தள்ளிப்போட கம்பெனி ஒருவழியாக ஒத்துக்கொண்டது. அதற்குள் இரண்டு வீட்டார் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதற்கான கமிஷனை அவளும் திருப்பித் தந்தாள். இன்ஜின்காரருக்குப் பழைய சாயங்கால வியாபாரம் திரும்பவில்லை. இப்போது பகலில் பக்கத்து மாவு மில்லுக்கு இன்ஜினை ஓட்டுகிறார், மூடாக்கு நாட்களில் பெட்டி சார்ஜ். வருமானம் முன்னைப் போல இல்லை, ஆனால் சும்மா துடைத்துக்கொண்டிருக்கிற நிலை போய்விட்டது.

அடுத்த மழைக்கு முன் மேலாளரே வந்து, இருவரையும் லாட்ஜுக்குக் கூப்பிட்டனுப்பினார். கொட்டகையைக் கம்பெனியின் சார்ஜ் நிலையமாக அறிவித்துக்கொள்ளலாம், வரும்படியில் பாதி கம்பெனிக்கு என்றார். பேசினது அவள்தான். இன்ஜின்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டீசல் யார் போடுவது, இன்ஜின் பழுதானால் யார் பார்ப்பது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பாதி கால்வாசியாக இறங்கியது.

லாட்ஜிலிருந்து திரும்பி நடக்கும்போது அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"இன்னும் குறைச்சிருக்கலாம்," என்றார்.

"அப்ப அங்கயே வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்."

"நீ பேசும்போது குறுக்கே பேச வேணாம்னு இருந்தேன்," என்றார் அவர்.