நெய்னா தே ஆத்தின கதை

நெய்னா முகம்மது கடையில் தே, அதாங்க டீ, ஆத்தினால் சிராங்கூன் ரோட்டில் போகிறவன் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பான். வலது கைக் குவளை தலைக்கு மேலே, இடது கைக் குவளை இடுப்புக்குக் கீழே, நடுவில் அறுந்து போகாமல் நீளமாகத் தே. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கெட்டிக்காரர்.

அந்த வலது தோள்தான் அவர் காலை வாரியது. பரணிலிருந்து சீனி மூட்டையை இழுத்தபோது மூட்டு கழன்றது. யாரோ இழுத்துப் பூட்டிவிட்டார்கள். அதிலிருந்து தோளுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. சட்டை மாட்டினால் கழலும், சோம்பல் முறித்தால் கழலும். ஒருநாள் தே ஆத்தும்போதே கழன்று, கொதிக்கக் கொதிக்க ஒரு வாடிக்கையாளர் மடியில் கொட்டிவிட்டது.

"போதும்ப்பா சாமி! இனிமே நீ கிளாஸ் கழுவு," என்றார் கடை முதலாளி முகைதீன்.

"கழுவுறதுக்கா கப்பலேறி வந்தேன்?" என்று நெய்னா நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போனார். தோளைத் திறந்து, முன்பக்கத் தசையை இழுத்துத் தைத்து, கையை நெஞ்சோடு கட்டிப்போட்டார்கள். கட்டை அவிழ்த்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "இனிமே கழலாது. ஆனா கை பழையபடி மேலே போகாது. வீம்புக்குத் தூக்கிப் பாக்காதீங்க."

வீட்டில் தினமும் பச்சைத் தண்ணீரை ஆத்திப் பழகினார். தரையெல்லாம் குளம். துடைத்துத் துடைத்து அலுத்த மனைவி ஆமினா பீவி, "ஏங்க, ஊருல வேற வேலையே இல்லியா?" என்றாள்.

"இருக்கு. எனக்கு வேணாம்."

வலியும் கோபமும் சேர்ந்து அவருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை.

ஒரு சாயங்காலம் கடை நிறையக் கூட்டம். நெய்னா உள்ளே நுழைந்து இரண்டு குவளைகளையும் எடுத்தார்.

"கையே தூக்க முடியல, உனக்கு எதுக்குய்யா குவளை?" என்று முகைதீன் சிரித்தார்.

நெய்னா தூக்கவில்லை. வலது கை நெஞ்சோடு நின்றது. முழங்காலை மடக்கி, இடது கைக் குவளையைத் தரையைத் தொடுகிற அளவுக்கு இறக்கினார். தே கீழே போய்க்கொண்டே இருந்தது. அதே நீளம், அதே நுரை!

"ஒண்ணும் தெரியல லா! மேசை மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

முகைதீன் தொண்டையைச் செருமினார். "சரி, நீ கொஞ்சம் ஓரமா நின்னு ஆத்து."

"இவ்வளவு நாள் ஓரமா நின்னது போதும் முதலாளி. மேசையை நகத்துங்க."

முதலாளி முறைத்தார். நெய்னா குவளையைக் கீழே வைக்கவில்லை. கடையே காத்திருந்தது. கடைசியில் முகைதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேசையின் ஒரு முனையைப் பிடித்தார்.