பால் பொங்கிய குகை

கரிக்கலாம்பாக்கத்தில் பலராமன் கட்டிய புது வீட்டில், பால் காய்ச்சிய அன்று காலை, அடுப்பு மேடைக்குப் பின்னால் சுவர் திறந்து ஒரு குகை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து மனைக்காரரின் மாட்டுக்கொட்டகை. குகை அதைத் தொந்தரவு செய்யாமல் வேறெங்கோ போயிற்று. சுற்றுவட்டாரத்தில் பேருக்குக்கூட ஒரு மலை கிடையாது. பால் மேற்கே பொங்கியதுதான் கோளாறு என்றார்கள் சொந்தக்காரர்கள். கிழக்கே பொங்கட்டும் என்று மறுபடி மறுபடி காய்ச்சினார்கள். ஒவ்வொரு முறை பொங்கும்போதும் குகை இன்னும் கொஞ்சம் உள்ளே போனதுதான் மிச்சம். கொத்தனார் தணிகைவேல் செங்கல் வைத்து அடைத்தார். விடிந்தால் செங்கற்கள் வாசலில் ஒழுங்காக அடுக்கிக் கிடந்தன.

பலராமனின் மனைவி ருக்குமணிக்கு எரிச்சல் தலைக்கேறியது. கல்யாணமான நாள் முதல் ஓரகத்தி சமைத்து முடிக்கும்வரை காத்திருந்து உலை வைத்தவள். தனக்கென்று ஒரு சமையலறை வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வீடே.

குகைச் சுவரில் எள்ளளவு பூச்சிகள் ஊர்கின்றன என்று கேள்விப்பட்டு, அரியாங்குப்பத்திலிருந்து விலங்கியல் பேராசிரியை ஸ்டெல்லா ஸ்கூட்டியில் வந்தார். பூச்சிகளுக்குத் தேளுக்கு இருப்பதுபோல இடுக்கி இருந்தது; வாலும் இல்லை, கண்ணும் இல்லை. இது பொய்த்தேள், குகையில் மட்டும் வாழ்கிற வகை, இந்தப் பக்கத்தில் யாரும் பதிவு செய்ததே இல்லை என்று பூரித்துப்போனார். சூடு பட்டால் செத்துவிடும், அடுப்பு மட்டும் பற்றவைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினார்.

ருக்குமணி தெருவில் சமைத்தாள். வெயில் காலம் முழுக்கப் போயிற்று. ஸ்டெல்லாவின் கட்டுரையை ஆய்விதழ்க்காரர்கள் சளைக்காமல் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பகுதியில் குகையே இல்லை, ஆகவே குகைப் பொய்த்தேளும் இருக்க முடியாதாம். படம் அனுப்பினால், வேறு ஊரில் எடுத்தது என்றார்கள். நேரில் வந்து பாருங்கள் என்றால் பதிலே இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் கொதிக்கிற குழம்பில் மழை கொட்டியது. ருக்குமணி கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நேரே குகைக்குள் நடந்தாள். பூச்சிகளைப் பார்க்க வந்து அங்கே நின்றிருந்த ஸ்டெல்லா பதறிப்போனார்.

“கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்கம்மா. குகை கெட்டுப்போயிடும்.”

“இன்னா மேடம் குகை? நாங்க கட்ன வூடு இது. இது என் அடுப்பங்கரை. உங்க பூச்சிக்கு இஷ்டம்னா இருக்கட்டும், இல்லன்னா போவட்டும்.”

பொய்த்தேள்கள் சாகவும் இல்லை, போகவும் இல்லை. அரிசி மூட்டைக்குக் குடிமாறி, அதிலிருந்த செள்ளுப் பூச்சிகளைத் தின்று கொழுத்தன. தாளிப்புப் புகை எந்த வழியாக வெளியேறியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்டெல்லா சலித்துப்போய், கட்டுரையில் குகை என்று வந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, ‘ருக்குமணியின் சமையலறை, கரிக்கலாம்பாக்கம்’ என்று எழுதி அனுப்பினார். ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

அதைச் சொல்லிவிட்டுப் போக அவர் வந்தபோது, ருக்குமணி கண்ணில் படவில்லை. குகையின் வெகு ஆழத்திலிருந்து, சோறு வடிக்கிற சத்தத்தோடு குரல் மட்டும் வந்தது.

“துன்னுட்டுத்தான் போவணும் மேடம். குந்துங்க.”